கேட்கலாமா என்று கேட்கும் மொழி



ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் தொடக்கத்தில் பின்லாந்தின் வரித்துறை, முந்தைய ஆண்டில் யார் எவ்வளவு வருமானத்துக்கு வரி கட்டினார்கள் என்ற விவரத்தைப் பொதுவில் வைக்கிறது. அதிகம் சம்பாதித்தவர்களின் பட்டியலைச் செய்தித்தாள்கள் அன்றைக்கே போட்டுவிடும். அந்த நாளுக்கு மக்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'தேசியப் பொறாமை நாள்'. ஆனால் அதே நாட்டில் ஒருவரை நேருக்கு நேர் பார்த்து, "உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பது நாகரிகக் குறைவு. தெரிந்துகொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு, கேட்கும் முறைதான் வேறு.

காட்டுக்குள் போனாலும் இப்படித்தான். நிலம் யாருடையதாக இருந்தாலும் காட்டில் நடக்கலாம், காட்டுப் பழங்களும் காளான்களும் பறித்துக்கொள்ளலாம் என்பது பின்லாந்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை. வடக்கே சதுப்பு நிலங்களில் 'ஹில்லா' என்றொரு பழம் காய்க்கும். மஞ்சளும் செம்மஞ்சளுமாகச் சின்னச் சின்ன முத்துகளைச் சேர்த்துக் கட்டினாற்போல இருக்கும். அது நிறையக் காய்க்கும் இடம் எது என்பது குடும்ப ரகசியம். ஒருவர் வாளி நிறைய ஹில்லாவோடு எதிரே வந்தால், பழத்தைப் புகழலாம், இந்த வருஷம் விளைச்சல் எப்படி என்று பேசலாம். "எங்கே பறித்தீர்கள்?" என்று மட்டும் கேட்கக் கூடாது.

இந்த மாதம் இதை எழுத வைத்தது எஸ்போ நகரத்திலிருந்து வந்த ஒரு வாசகியின் கடிதம். குடும்பத்தோடு அங்கே குடியேறி ஃபின்னிஷ் மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறார். "பதினைந்து வேற்றுமைகளையும் எப்படியோ மனப்பாடம் செய்துவிடுவேன். ஒருவரிடம் ஒரு விஷயத்தை எப்படிக் கேட்பது என்பதுதான் பிடிபடவில்லை. நம் ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எங்கே வேலை என்று விசாரிக்காமல் இறங்க மாட்டோம். இங்கே எதைக் கேட்டால் மனம் கோணுவார்களோ என்று பயந்து வாயையே திறப்பதில்லை" என்று எழுதியிருந்தார்.

இந்தக் கடிதத்துக்கு நாலு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. அவரைப் போலப் படிக்கவும் வேலைக்கும் போய் அங்கே இருக்கும் தமிழர்களுக்கும், அந்தப் பக்கமே போகாமல் மொழிகளை நேசிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அடக்கமாகக் கேட்பதற்கு ஃபின்னிஷ் மொழி வைத்திருக்கும் கருவிகள் ஏராளம். தமிழ் பேசுகிறவர்களுக்கு அவற்றில் பல ஏற்கெனவே கைவந்தவை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளிவைப்போம். 'பின்லாந்துக்காரர் பேச மாட்டார்' என்பது உலகம் முழுக்கப் பரவிய சொல். யாக்கோ லெஹ்தொனென், காரி சயவாரா என்ற இரு மொழியியலாளர்கள் 1985-இல் 'பேசாத பின்லாந்துக்காரர்' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார்கள். பேச்சில் அவர்கள் விடும் இடைவெளியைப் பற்றிய ஆய்வு அது. கொஞ்சமாகப் பேசுகிறவர்களுக்குத் தெரிந்துகொள்ளும் ஆசையும் கொஞ்சம்தான் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அது சரியில்லை.

அந்த ஊர்ப் பழமொழி ஒன்று: கேட்கிறவன் வழி தப்புவதில்லை. நம்முடைய 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பதற்குப் பக்கத்து வீடு. குழந்தை ஓயாமல் 'ஏன், ஏன்' என்று கேட்கும் பருவத்துக்கு அவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 'கேள்வி வயது' என்று பொருள். நூலகங்கள் சேர்ந்து நடத்தும் 'நூலகரைக் கேளுங்கள்' என்ற சேவைக்கு யாரும் எதைப் பற்றியும் கேள்வி அனுப்பலாம், நூலகர்கள் தேடிப் பதில் தருவார்கள். பொது வானொலியில் 1970-களில் தொடங்கிய 'லுவொந்தோ இல்தா', அதாவது 'இயற்கை மாலை' நிகழ்ச்சியில், நேயர்கள் தொலைபேசியில் அழைத்து, தோட்டத்தில் பார்த்த பறவையையும் கூரைக்கடியில் கண்ட பூச்சியையும் பற்றி வல்லுநர்களைக் கேட்பார்கள். அவர்களுடைய காவியமான 'கலேவலா'வில், படகு கட்டும் வைனாமொய்னெனுக்கு வேலையை முடிக்க மூன்று சொற்கள் குறைகின்றன. அந்தச் சொற்களைத் தேடி அவன் செத்தவர்களின் உலகம் வரை போகிறான். அங்கே கிடைக்காமல், மண்ணுக்கடியில் உறங்கும் ஒரு பூதத்தின் வயிற்றுக்குள்ளும் இறங்குகிறான். மூன்றே சொற்களுக்காக!

நமக்கு நெருங்கிய சாட்சி ஒருவரும் உண்டு. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் ஆஸ்கோ பர்போலா. சிந்துவெளி எழுத்துகளின் பின்னால் இருப்பது எந்த மொழி என்ற ஒற்றைக் கேள்வியோடு வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவர். அது திராவிட மொழியாக இருக்கும் என்று வாதிடுபவர். 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் கலைஞர் மு. கருணாநிதி செம்மொழித் தமிழ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. கேள்வி கேட்காத இனத்தில் பிறந்தவர் செய்யும் வேலையா அது?

இனி மொழிக்குள் போவோம். ஃபின்னிஷ், இந்திய-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. எஸ்தோனிய மொழி அதற்கு நெருங்கிய உறவு, ஹங்கேரிய மொழி தூரத்து உறவு. 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், திராவிட மொழிகளுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு தேடினார். மொழியியலாளர்கள் இன்று அந்த உறவைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் அவரை அப்படி எண்ண வைத்த ஒற்றுமை இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு மொழிகளும் சொல்லின் வாலில் ஒட்டுமேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகும். கேள்வியையும் அப்படித்தான் ஒட்டும்.

நாம் 'ஆ' சேர்ப்பதுபோல அவர்கள் 'கோ' சேர்க்கிறார்கள். 'வருகிறாய்' என்பது 'துலெத்', 'வருகிறாயா?' என்பது 'துலெத்கோ?'. நாம் 'நீ நாளைக்கா வருகிறாய்?' என்று 'ஆ'வை நகர்த்தி வைத்துக் கேட்போமே, அதேபோல அவர்களும் 'நாளைக்கு' என்ற சொல்லை வாக்கியத்தின் முதலில் கொண்டுவந்து அதன் மேல் 'கோ'வை ஏற்றுவார்கள். ஆங்கிலம் வழியாக ஃபின்னிஷ் கற்கும் மற்றவர்கள் இதைப் படிக்க வேண்டும். நாம் கவனித்தாலே போதும். (அவர்களுடைய சில உயிரொலிகள் நம் எழுத்தில் சரியாக அடங்காது. 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில் ஒலிக்கும் ஒன்றை இந்தப் பக்கத்தில் 'ஆ' என்றே எழுதியிருக்கிறேன். கற்றவர்கள் பொறுத்தருள்க.)

கேள்வியை மென்மையாக்குவது இந்தக் 'கோ'வுக்கு அடுத்து வந்து ஒட்டும் இன்னொரு துண்டு. அது 'ஹன்'. 'கோஹன்' என்று சேர்ந்துவிட்டால், கேட்பவர் எதிரில் இருப்பவரிடம் மட்டும் கேட்கவில்லை, தமக்குள்ளும் யோசித்துக்கொள்கிறார் என்று பொருள் வரும். 'துலேக்கோ ஹான்?' என்றால் 'அவர் வருகிறாரா?'. 'துலேக்கோஹன் ஹான்?' என்றால் 'அவர் வருவாரோ?'.

'அவர் வருவாரா?' என்று கேட்டால் பதில் சொல்லும் கடமை எதிரில் இருப்பவருக்கு வந்துவிடுகிறது. 'வருவாரோ?' என்றால் பதில் தெரிந்தவர் சொல்லலாம், தெரியாதவர் "எனக்கும் அதுதான் யோசனை" என்று கூடச் சேர்ந்துகொள்ளலாம், சொல்ல விருப்பமில்லாதவர் சும்மாவும் இருக்கலாம். மூவரில் யாருக்கும் சங்கடமில்லை. நம் 'ஓ'வின் அருமை இது. தொல்காப்பியம் ஓகார இடைச்சொல்லுக்கு ஆறு பொருள் சொல்கிறது, நன்னூல் எட்டு சொல்கிறது. ஃபின்னிஷின் 'ஹன்' ஒட்டும் ஒரே பொருளோடு நிற்பதல்ல. கேள்வியில் வந்தால் 'யோசிக்கிறேன்' என்ற தொனி. சாதாரண வாக்கியத்தில் வந்தால் 'நமக்குத்தான் தெரியுமே' என்ற தொனி. 2004-இல் வெளிவந்த 'இசோ சுவோமென் கியெலியோப்பி' என்ற ஃபின்னிஷ் பேரிலக்கணம் பேச்சுமொழியின் இந்த நுட்பங்களையெல்லாம் இலக்கணத்தின் உரிமைப் பிள்ளைகளாகவே நடத்துகிறது. பேச்சில் வாழும் ஒட்டுகளுக்கு அந்த மரியாதை கொடுக்கும் நூல் தமிழிலும் அந்த அளவில் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

'ஹன்' ஒட்டோடு சேர்ந்து வரும் ஒரு வினைச்சொல்லையும் சொல்லிவிட வேண்டும். அது 'மஹ்தா'. 'இருக்கக்கூடும்' என்பதுபோல ஒரு துணைவினை. இயற்கை மாலை நிகழ்ச்சியில் ஒருவர் தாம் பார்த்த பறவையைப் பற்றிக் கேட்பதற்கென்றே செய்துவைத்த வாக்கியம் இது: 'மிக்காஹான் லிந்து செ மஹ்தோய் ஒல்லா?' தமிழில் சொன்னால், 'அது என்ன பறவையாக இருந்திருக்குமோ?'. 'என்ன பறவை?' என்று கேட்டால் வல்லுநர் தவறாமல் சொல்லியாக வேண்டும். 'என்னவாக இருந்திருக்குமோ' என்றால், அவரும் நேயரோடு சேர்ந்து மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம்.

கடைக்குப் போகும்போது ஐயம் காட்டும் இந்த ஒட்டுகளுக்கு முன்னால் இன்னொன்றும் வந்து உட்காரும். அது 'இசி'. 'இருந்தால்', 'இருக்குமானால்' என்ற நிபந்தனையின் சாயல் அதற்கு. பின்லாந்தின் இனிப்பு ரொட்டியான 'புல்லா'வுக்கு ஏலக்காய் இல்லாமல் மணமே கிடையாது. கடைக்காரரிடம் ஏலக்காய் கேட்க வேண்டும் என்று வையுங்கள். 'ஒங்க்கோ தெய்ல்லா கர்தெமும்மா?' என்றால் 'உங்களிடம் ஏலக்காய் இருக்கிறதா?'. தப்பில்லை, கொஞ்சம் மொட்டை. 'ஒலிசிக்கோஹன் தெய்ல்லா கர்தெமும்மா?' என்றால் 'உங்களிடம் ஏலக்காய் இருக்குமோ?'. ஒரே வினைச்சொல்லின் மேல் இசி, கோ, ஹன் என்று மூன்று அடுக்கு. 'தயவுசெய்து' என்பதற்கு ஃபின்னிஷில் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரு சொல் இல்லை என்று வெளிநாட்டார் குறைப்படுவதுண்டு. தனிச் சொல்லாக வைக்காமல், பணிவை வினைச்சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு படி கீழே இறங்கிக் கேட்பதும் உண்டு. 'உங்களிடம் ஏலக்காய் இருக்காதே, இருந்தால்...' என்பதுபோல எதிர்மறையில் தொடங்குவது. 'இல்லை' என்ற பதிலைக் கேட்பவரே எடுத்து எதிராளி கையில் கொடுத்துவிடுகிறார். அவர் தலையை ஆட்டினால் போதும். மறுக்க வேண்டிய பாரத்தைக் கூட அடுத்தவர் மேல் வைக்காத மரியாதை இது.

எனக்கு இவற்றில் எல்லாம் மேலாகப் பிடித்தது வேறொன்று. 'சாக்கோ க்யூஸ்யா?' என்று ஒரு தொடர். 'கேட்கலாமா?' என்று பொருள். இந்த வாக்கியத்தில் 'நான்' இல்லை, 'நீங்கள்' இல்லை. ஆள் சுட்டாத வடிவம். பேருந்தில் காலியிடத்தைக் காட்டிக் கேட்பதும் இப்படித்தான்: 'சாக்கோ தாஹான் இஸ்துவா?', 'இங்கே உட்காரலாமா?'. அவர்களுடைய இலக்கணக்காரர்கள் இதற்குப் 'பூஜ்ய ஆள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடையில் விற்பவர் வாடிக்கையாளரிடம் 'என்ன வேண்டும்?' என்று கேட்பதற்குப் பதில் 'மித்தா சாய்சி ஒல்லா?', அதாவது 'என்னவாக இருக்கலாம்?' என்பார். அங்கேயும் ஆள் இல்லை.

இதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 'உட்காரலாமா?', 'ஒன்று கேட்கலாமா?', 'உள்ளே வரலாமா?' என்று நாள் முழுக்க நாம் சொல்வதிலும் ஆள் இல்லை. 'லாம்' என்பதற்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற விகுதி வேறுபாடே கிடையாது. ஆங்கிலத்தில் இதையே கேட்க 'நான்' என்ற சொல்லை முன்னால் நிறுத்தியாக வேண்டும். எஸ்போ வாசகிக்கு இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். உங்கள் தமிழை ஆங்கிலமாக்கி, அதை ஃபின்னிஷாக்காதீர்கள். நேராகத் தமிழிலிருந்து போங்கள். 'கேட்கலாமா' என்று மனதில் எழும்போதே 'சாக்கோ க்யூஸ்யா' பாதி வந்துவிட்டது.

கேட்பதற்கு அவர்களிடம் இருக்கும் வினைச்சொற்களைப் பார்த்தால், எது ஆவல், எது அத்துமீறல் என்பதை எத்தனை நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். 'க்யூஸ்யா' என்றால் கேட்பது. 'க்யூஸெல்லா' என்றால் அங்கங்கே, பேச்சோடு பேச்சாகக் கேட்டுப்பார்ப்பது. 'க்யூஸாய்ஸ்தா' என்றால் போகிற போக்கில் சட்டென ஒன்று கேட்டுவிடுவது. மூன்றும் ஒரே வேர். அலுவலகத்தில் முறையாக விசாரிப்பதற்கு வேறு சொல், விடாமல் நெருக்கிக் கேட்பதற்கு வேறு சொல், திருட்டுத்தனமாகத் துப்பறிவதற்கு வேறு சொல். அடுத்தவர் விஷயத்தைத் துருவுவதற்கு 'உதெல்லா'. ஆவல் மிக்கவரைக் குறிக்கும் 'உத்தெலியாஸ்' இந்தத் துருவலுக்குச் சொந்தக்காரச் சொல். ஆகவே அதற்கு இரண்டு முகம். விஞ்ஞானியையும் சொல்லலாம், வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பவரையும் சொல்லலாம். அதனால்தான், கொஞ்சம் சொந்த விஷயமாகக் கேட்கப் போகிறவர் 'சாங்க்கோ ஒல்லா உத்தெலியாஸ்?', 'நான் கொஞ்சம் ஆவலாக இருக்கலாமா?' என்று அனுமதி வாங்கிக்கொள்வார். குற்றச்சாட்டு வருவதற்கு முன்பே அந்தச் சொல்லைத் தம் மேல் தாமே சாத்திக்கொள்ளும்போது அதன் கூர் மழுங்கிவிடுகிறது.

நலம் விசாரிப்பதற்கு வருவோம். 'மித்தா கூலூ?' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என்ன கேட்கிறது?', 'காதுக்கு என்ன வருகிறது?'. உன்னைப் பற்றி என்ன சேதி என்பதுதான் கருத்து. இதில் ஒரு வியப்பு இருக்கிறது. காதில் விழுவதைக் குறிக்கும் அந்த வினைச்சொல்லே, 'ஒருவருக்குச் சொந்தமாதல்', 'ஒருவரைச் சேர்ந்த விஷயமாதல்' என்பதையும் குறிக்கும். அதனால் 'மித்தா கூலூ?' என்றால் அன்பான விசாரிப்பு. நடுவில் இரண்டு சொல் சேர்த்து 'மித்தா செ சினுல்லெ கூலூ?' என்றால், 'அது உனக்கு எதற்கு?' என்று மூஞ்சியில் அடிக்கிற பதில். விசாரிப்புக்கும் விரட்டலுக்கும் ஒரே வினைச்சொல்!

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் தம்மிடம் சொல்லும்படி வைத்துக்கொள்ளாமல் இருக்க, அதையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்வார்கள். 'எய்ஹான் செ மினுல்லெ கூலு, முத்தா...' என்று தொடங்குவது. 'அது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும்...' என்று அர்த்தம். நம் வீட்டுப் பெரியவர்கள் "எனக்கு எதுக்கு இந்தக் கேள்வி, இருந்தாலும் மனசு கேக்கலை" என்று இழுப்பார்களே, அதே இழுப்பு. முதல் சொல்லில் ஒட்டியிருக்கும் 'ஹான்' நாம் மேலே பார்த்த 'ஹன்'தான். முன்னால் இருக்கும் உயிரொலிக்கு ஏற்ப அது தன் உயிரை மாற்றிக்கொள்ளும். 'எனக்குச் சம்பந்தமில்லை என்பது நம் இருவருக்கும் தெரிந்ததுதானே' என்ற தொனியை இங்கே அது கொண்டுவருகிறது.

'மித்தா கூலூ?' பற்றி ஓர் எச்சரிக்கை. ஆங்கிலக்காரர்கள் நடந்துகொண்டே கேட்டுவிட்டுப் போகும் நலம் விசாரிப்பாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்லாந்தில் இது கேள்வியாகவே கருதப்படும். கேட்டால் நிற்க வேண்டும். முதுகுவலி, அம்மாவின் அறுவை சிகிச்சை, மகனின் பரீட்சை எல்லாம் வரக்கூடும். நிற்க நேரமில்லாவிட்டால் ஒரு 'மொய்' சொல்லிவிட்டு நடப்பதே மரியாதை.

நீ, நீங்கள் என்ற பிரச்சினை நமக்குப் புதிதல்ல. அங்கேயும் 'சினா' என்றால் நீ. 'தே' என்றால் நீங்கள், ஒருவருக்கான மரியாதைக்கும் அதுவே. ஆனால் 1960-களிலும் 70-களிலும் 'சினா' நாடெங்கும் பரவிவிட்டது. இன்று மாணவர் பேராசிரியரையும் ஊழியர் மேலாளரையும் 'சினா' என்றே அழைக்கிறார்கள். முதியவர்கள், சில கடைகள், சடங்கான சந்தர்ப்பங்கள் ஆகியவற்றில் 'தே' எஞ்சி இருக்கிறது. தமிழ் நாக்குக்கு 'நீ' என்று எடுத்த எடுப்பில் வராது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் சம வயதுக்காரரை 'தே' போட்டு அழைத்தால், நம்மைத் தள்ளி வைக்கிறாரோ, கிழவனாக நினைக்கிறாரோ என்று அவர் எண்ணக்கூடும். மரியாதையைப் பிரதிப்பெயரில் ஏற்றாமல் 'இசி'யிலும் 'கோஹன்'னிலும் ஏற்றுங்கள்.

ஊருக்கு ஊர் குணம் மாறும். கிழக்கே, குவோப்பியோ நகரம் இருக்கும் சாவோ பகுதி மக்கள் சுற்றி வளைத்துப் பேசுவதில் பேர் போனவர்கள். 'சாவோக்காரர் பேசினால் பொறுப்பு கேட்பவருக்கு மாறிவிடும்' என்று மற்ற பகுதியினர் சொல்வார்கள். அங்கே ஒரு நேரடிக் கேள்வி போட்டால் 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்ற வகையில் பதில் வரும்.

கடிதம் எழுதிய வாசகிக்கு இலக்கணத்தைவிட உதவக்கூடிய ஒன்று, கேட்ட பிறகு என்ன செய்வது என்பது. லெஹ்தொனெனும் சயவாராவும் எழுதியதன் சாரம் இங்கேதான் பயன்படுகிறது. நாம் கேள்வி கேட்டால் பதில் உடனே வர வேண்டும். இரண்டு நொடி தாமதமானால் புரியவில்லையோ என்று இன்னொரு விதமாகக் கேட்போம். அதற்கும் தாமதமானால் நாமே ஒரு பதிலைச் சொல்லி "அப்படித்தானே?" என்போம். பேச்சை அறுந்துபோக விடாமல் காப்பாற்றுகிறோம் என்று நம் நினைப்பு. பின்லாந்துக்காரர் அந்த இரண்டு நொடியில் பதிலை யோசித்துக்கொண்டிருக்கிறார். கேள்விக்கு அவர் தரும் மரியாதை அந்த இடைவெளி. நடுவில் நாம் இரண்டாவது கேள்வி போட்டால் முதல் பதிலும் போய்விடும். பேசுபவரை இடைமறிப்பது அங்கே முரட்டுத்தனம். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எதிரில் இருப்பவர் பேசும்போது 'யோ' என்றும் 'நீன்' என்றும் மெல்லச் சொன்னால் போதும், 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்' என்பதற்கு. இந்த இரண்டு சின்னச் சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பற்றி மர்ய-லேன சொர்யொனென் 2001-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். சிலர் 'யோ'வை மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வார்கள். முதல்முறை கேட்பவர்கள், எதற்கோ திடுக்கிட்டார் என்று நினைத்துப் பதறிவிட வேண்டாம்.

எதைக் கேட்பது? காலநிலை, காடு, கோடை வீடு, நாய், சமையல், காப்பி, இப்போது படிக்கும் புத்தகம், அவர் பிறந்த ஊர் எப்படி இருக்கும் என்பதெல்லாம் தாராளமாகக் கேட்கலாம். வேலையில் காப்பி இடைவேளைதான் கேள்விகளுக்கு நல்ல வேளை. குடும்பம் பற்றிக் கேட்க விரும்பினால் 'கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள்' என்று வரிசையாகப் போகாமல், 'ஒங்க்கோ சினுல்லா பெர்ஹெத்தா?', 'உனக்குக் குடும்பம் உண்டா?' என்று ஒரே கேள்வியாகக் கேட்பதே அங்கே வழக்கம். கணவரைச் சொல்வதா, பிள்ளைகளைச் சொல்வதா, 'ஆமாம்' என்று நிறுத்திக்கொள்வதா என்பது பதில் சொல்பவர் விருப்பம். சம்பளம், மதம், யாருக்கு ஓட்டு, ஏன் இன்னும் பிள்ளை இல்லை ஆகியவற்றை அவர்களே சொல்லும் நாள் வரை விட்டுவிடுங்கள். கடைசியாகச் சொன்னதை நம் ஊரிலும் கேட்காமல் இருந்தால் எத்தனையோ பெண்கள் நிம்மதியாகக் கல்யாண வீட்டுக்கு வந்துபோவார்கள் என்று நெடுநாளாக எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

நம் விசாரிப்பைக் குறைத்துப் பேச நான் இதை எழுதவில்லை. முன்பின் தெரியாதவரிடம் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கும் ஒரு சமூகத்தின் அன்பு சின்ன விஷயமல்ல. வெளிநாட்டில் தனியாக நோயில் கிடக்கும்போது அதன் அருமை தெரியும். அங்கே போன நம் பிள்ளைகள் அந்தப் பழக்கத்தைத் துறந்துவிட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பதிலளிக்காமல் இருக்கும் சுதந்திரத்தையும் கேள்வியோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்பதுதான் ஃபின்னிஷ் மொழியிடம் நான் கண்டது. அதற்கான 'ஓ'வும் 'லாம்'மும் நம்மிடமும் இருக்கின்றன. அவற்றை இன்னும் கொஞ்சம் அடிக்கடி எடுத்துப் பயன்படுத்த ஆசைப்படுகிறேன்.

எஸ்போவிலிருந்து எழுதிய தங்கைக்கு: வகுப்பு முடிந்து வரும்போது பேருந்து நிறுத்தத்தில் யாராவது ஒரு பாட்டி நாயோடு நின்றால், 'மிக்காஹான் தமான் கொய்ரான் நிமி மஹ்தா ஒல்லா?' என்று கேட்டுப் பாருங்கள். 'இந்த நாயின் பேர் என்னவாக இருக்குமோ?' அவ்வளவுதான். கேட்டுவிட்டு நில்லுங்கள். என்ன பதில் வந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஹெல்சிங்கி, தாம்பெரே, துர்கு, ஊலு என்று எங்கே இருக்கும் வாசகர்களும், நீங்கள் முதன்முதலில் துணிந்து கேட்ட ஃபின்னிஷ் கேள்வி எது, அதற்குக் கிடைத்த பதில் எது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழின் வாசகர் பகுதியில் இரண்டு பக்கங்களை அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்